சிறுவயதுச் சைக்கிளும் ஐஇஎல்டிஎஸ் தேர்வும்

வெளிநாட்டுப் படிப்புக்காக ஐஇஎல்டிஎஸ் எழுதும் நம் பிள்ளைகள் சிலர் பேச்சுத் தேர்வில் தடுமாறுவதைப் பார்க்கிறோம். மறுபடியும் கட்டணம் கட்டுவது குடும்பத்துக்குப் பெருஞ்சுமை.

பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம். முதல் பகுதியில் 'சிறுவயதில் சைக்கிள் வைத்திருந்தீர்களா?' என்பது போன்ற எளிய கேள்விகளே வரும். 'யெஸ், ஐ ஹேட்' என்று நிறுத்திவிட்டால் தேர்வாளருக்கு மதிப்பிட ஒன்றும் கிடைக்காது. மனப்பாடப் பதிலையும் அவர் கண்டுகொள்வார். எப்போது, யார் கற்றுத் தந்தார், என்ன நடந்தது என மூன்று வாக்கியம் போதும்.

அன்றாடம் செய்துவந்ததற்கு 'ஐ யூஸ்டு டு சைக்கிள் டு ஸ்கூல்'. ஒருமுறை நடந்ததற்கு 'ஒன் டே ஐ ஃபெல் ஆஃப்'. இந்த வேறுபாடு தெரிந்தாலே இலக்கணம் தெளிவாகிவிடும்.

சொந்தச் சைக்கிள் இல்லாத பிள்ளை வெட்கப்பட வேண்டாம். கதை கட்டவும் வேண்டாம். 'எங்களிடம் இல்லை. வாடகைச் சைக்கிளில் பழகினேன், வாப்பா பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்' என்பது நல்ல பதில். உண்மையில் நடந்தது தங்குதடையின்றி வரும். சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு ஆகிய நான்குக்குமே மதிப்பெண், சைக்கிளுக்கு அல்ல.

பெற்றோர்களே, இன்றிரவு சாப்பாட்டுக்குப் பின் பிள்ளையிடம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். பிழை திருத்துவது பிறகு. முதலில் முழுவதும் பேச விடுங்கள்.