மரவேலை இயந்திரத்தை நாமே செய்துகொள்ளலாமா?



தச்சு வேலை பார்க்கும் நம் மஹல்லா பிள்ளைகள் சிலர் இயந்திரம் வாங்கக் கடன் கேட்டு வருகிறார்கள். வட்டித் தவணையில் சிக்காமல் அவர்கள் பட்டறை அமைக்க வேண்டும் என்பதே நம் விருப்பமும். வரைபடத்தைப் பார்த்து நாமே செய்துகொண்டால் என்ன என்றும் கேட்கிறார்கள். செய்யலாம். ஆனால் எல்லா இயந்திரத்தையும் அல்ல.

இது பழைய வழக்கம்தான். அமெரிக்காவில் கில்லியம் என்ற நிறுவனம் பேண்ட் சா எனும் பட்டை ரம்பத்தின் உலோகப் பாகங்களை மட்டும் தொகுப்பாக விற்றது. மரச் சட்டத்தை வாங்கியவரே செய்துகொள்வார். கனடாவின் மத்தியாஸ் வாண்டல் என்ற பொறியாளர் ஒரு படி மேலே போய், சக்கரத்தையும் பிளைவுட்டில் செய்து, அதன் விளிம்பில் சைக்கிள் டியூபை மாட்டினார். அதன் வரைபடங்களையும் விற்கிறார். ரம்பப் பட்டை, பேரிங், மோட்டார் ஆகியவற்றைக் கடையில்தான் வாங்க வேண்டும்.

அந்நாட்டு வரைபடத்தை அப்படியே பின்பற்றக் கூடாது. அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். சாதாரண மோட்டார் நிமிடத்துக்கு 1,725 சுற்று ஓடும். இங்கே 50 ஹெர்ட்ஸில் அதே வகை மோட்டார் ஏறக்குறைய 1,440 சுற்றுதான். எனவே மோட்டார் புல்லி 2 அங்குலம் என்று போட்டிருந்தால் நமக்கு ஏறக்குறைய இரண்டரை அங்குலம் தேவைப்படும். மரமும் நன்கு காய்ந்ததாக இருக்க வேண்டும். ஈர மரத்தில் செய்த சட்டம் நாளடைவில் முறுக்கிக்கொள்ளும்.

முதலில் செய்யத் தகுந்தது கடைசல் இயந்திரம் என்பது நம் கருத்து. கட்டில் கால், தொட்டில் கால் கடைய அது போதும். மோட்டாரில் 2 அங்குலம், தண்டில் 4 அங்குலம் புல்லி போட்டால் 720 சுற்று கிடைக்கும். பருத்த கட்டைக்கு வேகம் குறைய வேண்டும், மெல்லிய காலுக்குக் கூட வேண்டும். ஆகவே படிப் புல்லி வைப்பது நல்லது.

செய்யவே வேண்டாம் என்று நாம் சொல்வது இரண்டு. ஒன்று, இழைப்பு மெஷினின் கத்தி உருளை. பிடி தளர்ந்து கத்தி பறந்தால் எதிரில் நிற்பவர் பிழைப்பது அரிது. மற்றொன்று, மார்பிள் கட்டரைப் பலகைக்கு அடியில் தலைகீழாகப் பொருத்தி, சுவிட்சை டேப் ஒட்டி அமுக்கி வைத்து மரம் அறுப்பது. பல பட்டறைகளில் இதைப் பார்க்கிறோம். அது ஏறக்குறைய 12,000 சுற்று ஓடும். அறுபட்ட மரம் மீண்டும் நெருங்கி பிளேடைக் கவ்வாதபடி தடுக்கும் தகடு அதில் இல்லை. கவ்வினால் மரம் அறுப்பவர் மீதே பாயும், கை பிளேடின் பக்கம் இழுபடும். மிச்சப்படுத்திய பணம் ஒரு விரலுக்கு ஈடாகுமா?

எதைச் செய்தாலும் பெல்ட்டுக்கு மூடியும், மோட்டாருக்கு எர்த்தும் கட்டாயம். மின்சாரம் போய்த் திரும்பும்போது இயந்திரம் தானாக ஓடக் கூடாது. தண்ணீர் மோட்டாருக்கு வைப்பதுபோன்ற ஸ்டார்ட்டர் பெட்டி அதற்கு உதவும். நீளக் கை ஜிப்பாவோடும் கையுறையோடும் நிற்காதீர்கள். சுழலும் தண்டு துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்தே இழுக்கும்.

சொந்தமாகச் செய்ய வட்டியில்லாக் கடன் கேட்போர், வரைபடத்தையும் வாங்க வேண்டிய பொருள்களின் விலைப் பட்டியலையும் அலுவலகத்துக்குக் கொண்டு வரவும். அனுபவமுள்ள தச்சர் ஒருவரும் எலக்ட்ரீசியன் ஒருவரும் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே, இன்ஷா அல்லாஹ், தொகை வழங்குவோம்.