வெறும் வயிறா, நிறைந்த வயிறா?

அதிகாலையில் தெருவிலும் திடலிலும் விரைந்து நடப்போரை இன்று எல்லா ஊர்களிலும் காண்கிறோம். ஒருவர் தேநீர்கூட அருந்தாமல் நடக்கிறார். இன்னொருவர் நான்கு இட்லிகளை உண்டுவிட்டு ஓடத் தொடங்குகிறார். இருவரில் யார் செய்வது சரி?

இதற்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. பயிற்சி எவ்வளவு கடியது, எவ்வளவு நேரம் நீடிப்பது, செய்பவரின் உடல்நிலை எத்தகையது என்பவற்றைப் பொறுத்தே விடை அமையும்.

உடலின் சேமிப்பு

நாம் உண்ணும் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. உடனடித் தேவைக்குப் போக எஞ்சியதில் ஒரு பகுதியை உடல் 'கிளைகோஜன்' என்னும் வடிவில் சேமிக்கிறது. கல்லீரலில் ஏறத்தாழ 100 கிராமும், தசைகளில் 300 முதல் 500 கிராம் வரையும் இது இருக்கும். கல்லீரலின் இருப்பு பைத்துல்மாலைப் போன்றது. மூளை முதலிய எல்லா உறுப்புகளுக்கும் இரத்தத்தின் வழியே சர்க்கரை வழங்குகிறது. தசையின் இருப்போ அத்தசைக்கு மட்டுமே உரிய சொந்தப் பணப்பெட்டி.

இரவு உறங்கி எழும்போது கல்லீரலின் இருப்பு வெகுவாகக் குறைந்திருக்கும். தசையின் இருப்பு பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஆகவேதான், உடல்நலம் உடையவர் அரைமணி நேரம் வெறும் வயிற்றோடு நடப்பதால் தளர்ந்துவிடுவதில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுவோர், பந்தாடுவோர் நிலை வேறு.

பாஸ்டன் தந்த பாடம்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 42 கிலோமீட்டர் தொலைவுக்கு மராத்தான் ஓட்டம் நடைபெறுகிறது. 1924ஆம் ஆண்டு ஓடி முடித்தவர்களின் இரத்தத்தை மருத்துவர்கள் சோதித்தனர். சிலருக்குச் சர்க்கரை மிகவும் தாழ்ந்திருந்தது; அவர்களே வெளிறி, சோர்ந்து, மனம் குழம்பிய நிலையில் காணப்பட்டனர். 1925ஆம் ஆண்டு, ஓட்டத்துக்கு முன் மாவுச்சத்து மிக்க உணவும், ஓடும்போது மிட்டாயும் வீரர்கள் சிலருக்குத் தரப்பட்டன. அவர்களுடைய சர்க்கரை அவ்வாறு தாழவில்லை; உடல்நிலையும் மேம்பட்டிருந்தது.

நிறைந்த வயிற்றின் தொல்லை

அப்படியானால் வயிறு முட்ட உண்டுவிட்டு ஓடலாமா? கூடாது. 'உண்ட களைப்பு தொண்டனுக்கும் உண்டு' என்பது பழமொழி. ஓய்வாக இருக்கையில் இதயம் செலுத்தும் இரத்தத்தில் ஏறக்குறையக் கால் பங்கு செரிமான உறுப்புகளுக்குச் செல்கிறது. கடும்பயிற்சியின்போது அது தசைகளுக்குத் திருப்பப்படுகிறது. விளைவு, செரிமானம் தடைப்பட்டுக் குமட்டலும் வயிற்றுப் பிடிப்பும் தோன்றுகின்றன. பிரியாணி, பரோட்டா போன்ற கொழுப்பு மிகுந்த உணவுகள் இரைப்பையில் நெடுநேரம் தங்குபவை. ஆகவே முழு உணவுக்குப்பின் மூன்று நான்கு மணி நேரமும், இரண்டு இட்லி போன்ற சிற்றுண்டிக்குப்பின் ஒன்றிரண்டு மணி நேரமும் இடைவெளி விடுவது நலம். அவசரத்துக்கு ஒரு வாழைப்பழமோ இரண்டு பேரீச்சம்பழங்களோ போதும்.

வெறும் வயிற்றில் நடந்தால் உடல் விரைவில் இளைக்கும் என்று பலர் நம்புகின்றனர். அவ்வேளையில் கொழுப்பு சற்றுக் கூடுதலாக எரிவது உண்மையே. ஆனால் 2014ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வில், 20 இளம்பெண்கள் நான்கு வாரம் அளவான உணவுடன் பயிற்சி செய்தனர். உண்டு செய்தவர்களும் உண்ணாது செய்தவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இளைத்தனர்.

நீரிழிவுக்காரர் கவனிக்க

இன்சுலின் ஊசி போடுவோரும், இன்சுலினைச் சுரக்கச் செய்யும் மாத்திரை உண்போரும் வெறும் வயிற்றில் நெடுநேரம் நடப்பது ஆபத்தானது. மருந்தும் நடையும் சேர்ந்து சர்க்கரையை இறக்கிவிடும். அது 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் நடுக்கம், வியர்வை, குழப்பம் தோன்றும். மேலும் இறங்கினால் மயக்கமும் நேரலாம். புறப்படுமுன் 90க்குக் குறைவாக இருந்தால் 15 முதல் 30 கிராம் வரை மாவுச்சத்து உண்டபின் நடப்பதே பாதுகாப்பு. நோன்பு நாட்களில் இத்தகையோர் மருந்தையும் பயிற்சி நேரத்தையும் முன்கூட்டியே மருத்துவரிடம் கலந்து அமைத்துக்கொள்ளுதல் வேண்டும்.

உங்கள் இல்லத்துப் பெரியவர் நாளைக் காலை நடக்கப் புறப்படுகையில், என்ன மாத்திரை உண்டார், என்ன உணவு உண்டார் எனக் கேளுங்கள். அவர் சட்டைப்பையில் சிறிது சர்க்கரையை வைத்து அனுப்புங்கள்.