‘இன்னுமா அதையே நினைச்சுட்டு இருக்க?’ - பிடிஎஸ்டியும் தற்கொலை ஆபத்தும்

‘அதான் முடிஞ்சு இத்தனை வருஷம் ஆச்சே, இன்னுமா அதையே நினைச்சுட்டு இருக்க?’ போர், பாலியல் வன்முறை, விபத்து, சுனாமி என ஏதோ ஒன்றில் உயிர் பிழைத்தவர்கள் சொந்த வீட்டிலேயே கேட்கும் கேள்வி இது. பிடிஎஸ்டி எனும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு உள்ளவர்களுக்கு அது இன்னும் முடியவில்லை என்பதுதான் பிரச்சினையே. ஒரு பட்டாசுச் சத்தம் போதும். உடம்பு மறுபடி அந்த நாளுக்கே போய்விடும்.

1980-ல்தான் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் இதைத் தனி பாதிப்பாகப் பட்டியலிட்டது. பலருக்குக் காலப்போக்கில் குறைந்துவிடும். சிலருக்கோ ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். இவர்களிடம் தற்கொலை ஆபத்து மற்றவர்களைவிட அதிகம்.

ஏன்? பழைய நினைவு மட்டும் காரணம் இல்லை. கெட்ட கனவுக்குப் பயந்து தூக்கம் போகிறது. தூங்குவதற்காகச் சிலர் மதுவைத் தொடுகிறார்கள். அது மனச்சோர்வைக் கூட்டுகிறது. ‘நான் மட்டும் ஏன் பிழைச்சேன்’ என்ற குற்றவுணர்வு வேறு. நினைவூட்டும் இடங்களை, ஆட்களைத் தவிர்த்துத் தவிர்த்துக் கடைசியில் தனியாகிவிடுகிறார்கள். வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிவதெல்லாம் ‘எப்பப் பார்த்தாலும் எரிஞ்சு விழுவார்’ என்பது மட்டும்தான்.

கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடுமோ?

வராது. ‘உயிரை விட்டுடலாம்னு தோணுதா?’ என்று நேரடியாக, பதறாமல் கேட்பது ஆபத்தைக் கூட்டுவதில்லை. பலருக்கு அது நிம்மதி.

அடுத்த படி, பாதுகாப்புத் திட்டம். எந்த அறிகுறி தெரிந்தால் உஷாராக வேண்டும், யாரைக் கூப்பிடுவது, ஆபத்தான பொருட்களை வீட்டில் எப்படி அப்புறப்படுத்துவது என நோயாளியே மருத்துவருடன் சேர்ந்து எழுதுவது. கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால், அமெரிக்க முன்னாள் ராணுவ வீரர்களுக்கான மருத்துவமனைகளில் இதோடு தொடர் தொலைபேசி விசாரிப்பும் சேர்ந்தபோது, அடுத்த 6 மாதங்களில் தற்கொலை நடத்தை சுமார் 45% குறைவாக இருந்ததாக 2018-ல் வெளியான ஆய்வு கூறுகிறது. தமிழகத்தில் இலங்கைத் தமிழர் முகாம்களிலும் தன்னார்வலர்கள் மூலம் இதேபோன்ற முயற்சி நடந்திருக்கிறது.

பிடிஎஸ்டிக்கு அதிர்ச்சி சார்ந்த உளவியல் சிகிச்சையும், செர்ட்ராலின் போன்ற மருந்துகளும் உண்டு. பல ஆண்டுகள் கழித்துத் தொடங்கினாலும் பலன் கிடைக்கும்.

போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பயந்து பலர் மருத்துவமனைக்கே போவதில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன் 115-வது பிரிவின்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்படுவார். அப்படி இல்லை என நிரூபிக்கப்படாதவரை தண்டிக்க முடியாது.

உதவிக்கு: டெலி மானஸ் 14416 (24 மணி நேரமும், தமிழிலும்), தமிழக அரசு 104, சினேகா 044-24640050.