தேனீப் பெட்டி அறுக்க வீட்டுக் கிளாம்ப்

தேனீப் பெட்டியில் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே சுமார் 8 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். கூடினால் தேனீ குறுக்கே அடை கட்டிவிடும். சட்டத்தை எடுக்கும்போது அடை கிழியும். குறைந்தால், தேனீ நுழையாத அந்த இடுக்கில் மெழுகுப்பூச்சி குடியேறும். பெட்டியைச் சொந்தமாக மேஜை ரம்பத்தில் அறுப்பவர்களுக்கு அளவு தப்புவது பெரும்பாலும் ‘கைடு’ சட்டத்தால்தான்.

விலை குறைந்த ரம்பங்களில் கைடு முன்பக்கம் மட்டுமே இறுகும், பின்முனை நகரும். அது பிளேடு பக்கம் சாய்ந்தால் அளவு கெடுவது மட்டுமல்ல, பலகை நெரிபட்டு அறுப்பவர் மேலேயே பாயும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேடின் ஒரு பல்லில் அடையாளம் வைத்து, அந்தப் பல்லிலிருந்து கைடு வரை முன்னால் அளக்கவும். அதே பல்லைப் பின்னால் சுற்றிவிட்டு மறுபடி அளக்கவும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பிறகு பின்முனைக்கு ஒரு கிளாம்ப். அரையடி நீளத்தில் இரண்டு வேலங்கட்டை, நடுவில் துளையிட்டு நீள போல்ட், வாஷர், சிறகு நட்டு. கவ்வ வேண்டிய தடிமனுக்கு ஒரு துண்டுக் கட்டையை வால்பக்கம் வைத்தால் வாய் நேராகக் கவ்வும். வாயில் பழைய சைக்கிள் டியூப் ஒட்டினால் வழுக்காது.

ஒரே நீளத் துண்டுகளுக்கு, கைடில் ஓர் அங்குலக் கட்டையைப் பிளேடுக்கு நன்கு முன்பாகவே இறுக்கவும். பலகை முனையை அதில் முட்டி அளவு பார்த்துவிட்டு, குறுக்கு அறுப்புச் சட்டத்தால் தள்ளவும். கட்டையின் அங்குலத்தையும் அளவில் சேர்க்க மறக்க வேண்டாம். அறுந்த துண்டு சிக்காமல் இருக்கவே இந்த இடைவெளி.

ஒல்லி ரீப்பரை விரலால் தள்ளாமல், தள்ளுகட்டையால் தள்ளவும். அதில் ஆணி அடிக்கக் கூடாது. பிளேடு பட்டால் மரம் மட்டுமே போக வேண்டும்.