பிரெஞ்சு ஒயின் புட்டியின் சீட்டு

பிரெஞ்சு தேசத்து ஒயின் புட்டியைக் கையிலெடுத்து, எந்தத் திராட்சையில் செய்தது என்று அதன் சீட்டில் தேடுகிறவர் பெரும்பாலும் ஏமாந்தே போவார். ஏனெனில் அத்தேசத்தார் பழத்தின் ஜாதியைவிட அது விளைந்த மண்ணையே பிரதானமாகக் கருதி, ஊரின் பெயரையே பெரிதாக அச்சிடுகிறார்கள். ஷாப்லி என்ற பெயரைக் கண்டமாத்திரத்தில் அது ஷார்தொனே திராட்சையால் ஆனது என்று வாங்குகிறவரே அறிந்திருக்க வேண்டும்.

இந்த ஊர்ப்பற்று வெறும் அபிமானமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பில்லோக்ஸெரா என்னும் பூச்சி கொடிகளின் வேரைத் தாக்கித் தோட்டங்களைப் பாழாக்க, கலப்படமும் போலிப் பெயர்களும் பெருகி, 1911-ல் ஷாம்பெய்ன் பிரதேசத்து விவசாயிகள் கலகத்தில் இறங்கும் அளவுக்கு நிலைமை முற்றியது. அதன் பரிகாரமாக 1935-ல் பிறந்த சட்டத்தின் முத்திரையே, சீட்டில் ஊர்ப்பெயரோடு காணும் 'அப்பெலாசியோன் கோந்த்ரோலே' என்னும் வாசகம். இன்ன எல்லைக்குள், இன்ன திராட்சையில், ஹெக்டேருக்கு இவ்வளவுக்கு மேற்படாத விளைச்சலில், இன்ன முறைப்படி செய்தது என்பதற்கு அது பிரமாணம். ருசிக்கு அது ஜாமீன் நிற்பதில்லை.

வாசகரை மிகவும் மயக்குவது, திராட்சை விளைந்த தோட்டத்தைச் சுட்டும் 'க்ரூ' என்னும் சொல். போர்தோவின் மேதோக் பகுதியில், மூன்றாம் நெப்போலியன் காலத்துப் பாரிஸ் கண்காட்சிக்காக 1855-ல் தரகர்கள் விற்பனை விலையை ஆதாரமாகக் கொண்டு சிவப்பு ஒயின் தோட்டங்களை ஐந்து வகுப்பாகப் பிரித்தபோது, 'ப்ரெமியே க்ரூ' என்பதே சிகரமாயிற்று. மூத்தோன் ரோத்ஷில்ட் என்னும் தோட்டம் அந்த ஸ்தானத்தை 1973-ல்தான் அடைந்தது. பர்கண்டியிலோ அதே 'ப்ரெமியே க்ரூ' இரண்டாம் படியே. அதற்கும் மேலாக 'கிராந் க்ரூ' வீற்றிருக்கிறது. போர்தோவிலேயே உள்ள சேந்த்-எமிலியோனிலோ 'கிராந் க்ரூ' என்பது ஏராளமான புட்டிகளில் காணப்படும் சாதாரண விருது. 'க்ளாஸே' என்ற சொல்லும் கூடினால்தான் அதற்குத் தனி மதிப்பு. ஆகவே எந்தப் பிரதேசம் என்று அறியாமல் பட்டத்தை மட்டும் நம்பிப் பணம் கொடுப்பது விவேகமாகாது.

சீட்டில் காணும் 'வியே வீன்ய்' என்பது முதிர்ந்த கொடிகளைக் குறித்தாலும், எத்தனை வயது என்று சட்டம் வரையறுக்கவில்லை. ஷாம்பெய்னில் 'ஸெக்' என்பது இனிப்பற்றது என்று பொருள்பட்டாலும், லிட்டருக்கு 17 முதல் 32 கிராம் வரை சர்க்கரை உடையதையே சுட்டும். இனிப்பு வேண்டாதவர் 12 கிராமுக்குக் குறைந்த 'ப்ரூத்' வகையைத் தேடுக.

எவ்வளவு சிறிய எழுத்தில் இருந்தாலும், ஊர்ப்பெயருக்கு அடுத்தபடி நம்பத்தக்கது தயாரித்தவரின் பெயரே; வாங்குகிறவர்கள் அவ்விரண்டையும் முதலில் படிப்பார்களாக.