இதைவிட மோசமாக?

சாயங்காலம் ஏழாயிரம்பண்ணை பஸ் ஸ்டாப்பில் பயராபீஸ் (பட்டாசு ஆலை) வேன்கள் ஆட்களை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தன. இருபது வருஷமாகப் பட்டாசுக்கு மருந்து செலுத்தும் ஓர் அக்காவிடம், "உங்க வேலை வேற எப்படி இருக்கலாம்?" என்று கேட்டேன். கையை விரித்துக் காட்டினார். நகக்கண்ணெல்லாம் அலுமினியத் தூள். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத வெள்ளி மினுமினுப்பு.

"இது ஒட்டாம இருக்கலாம். கூலி கூடலாம். வருஷம் பூரா வேலை இருக்கலாம்."

'நல்லா' என்ற சொல் என் கேள்வியில் இல்லை. அவராகவே அந்தப் பக்கம் போனார். ஆடம் மாஸ்ட்ரோயானி, ஈத்தன் லட்வின்-பீரி ஆகிய உளவியலாளர்கள் 2022-ல் வெளியிட்ட ஆய்விலும் இதுதான் நடந்தது. செல்போன் முதல் பல அன்றாட விஷயங்களைக் காட்டி, 'இது வேறு எப்படி இருக்கலாம்' என்று கேட்டார்கள். பெரும்பாலானோர் சொன்னதெல்லாம் மேம்பாடுகள்தான். கையில் இருப்பது எத்தனை நல்லதானாலும் மனசு அதற்கு ஒரு படி மேலே போய் நின்றுகொள்கிறது. அங்கிருந்து பார்த்தால் எதுவும் குறைதான்.

இந்த வட்டாரத்தை உருவாக்கியதே அந்தக் குறைதான் என்பேன். மழை பொய்க்கும் கரிசல் மண்ணில் பிழைக்க வேறு வழி தேடித்தான் 1920-களில் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இருவர் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். பட்டாசு பின்னால் வந்தது.

ஆனால் மருந்து இருக்கும் அறையில் மனசு எதிர்ப்பக்கமும் போயாக வேண்டும். 2021 பிப்ரவரி 12-ல் பக்கத்து அச்சங்குளத்தில் நடந்த வெடிவிபத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கேரி கிளைன் என்ற உளவியலாளர் 2007-ல் ஒரு பயிற்சியைப் பற்றி எழுதினார். வேலை தொடங்குமுன்பே, அது பாழாய்ப் போய்விட்டதாக வைத்துக்கொண்டு, எதனால் என்று ஒவ்வொருவரும் எழுத வேண்டும். தானாக வராத நினைப்பைக் கேட்டு வாங்கும் வழி இது. ஒவ்வொரு பயராபீஸிலும் காலையில் கால் மணி நேரம் இதற்கென்று ஒதுக்க வேண்டும்.

அக்காவிடம் அடுத்த கேள்வியையும் கேட்டேன். "இதைவிட மோசமா எப்படி இருக்கலாம்?"

"அதை ஏன் சார் வாயில எடுக்கணும்?" என்றார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு குரலைத் தாழ்த்திச் சொல்லத் தொடங்கினார். "தீபாவளி ஆர்டர் நெருக்கும். நாலு பேர் ரூம்ல எட்டுப் பேர் உக்காருவோம். மத்தியான வெயில். கீழ சிந்துன மருந்தை ஒருத்தி அவசரத்துல இழுத்துக் கூட்டுவா..."