கூறைப்புடவையும் குடும்ப வரவும்

என் மகளின் திருமணத்திற்குக் கூறைப்புடவை எடுக்கக் காஞ்சிபுரம் சென்றபோது, கைப்பணம் போதாவிட்டால் கடன் வாங்குவதென்றே எண்ணியிருந்தேன். அங்கு முதிய நெசவாளர் ஒருவர் எனக்கு ஆசிரியரானார்.

அசல் சரிகை என்பது, பட்டிழையின்மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. ஆதலின் சரிகை மிகுந்தால் விலையும் மிகும். செம்புச் சரிகை மலிவு. ஆயினும் நாளடைவில் கறுத்துவிடும். "கரையைக் குறுக்குங்கள் ஐயா, தரத்தைக் குறைக்காதீர்கள்" என்றார் அவர்.

மெய்ப்பட்டுதானா என்றறிய ஓரிழையைக் கொளுத்தினார். மயிர் கருகும் நாற்றம் எழுந்தது. சாம்பல் விரலிடையே பொடியாயிற்று. இச்சோதனை இயலாத கடையில், 2004இல் தோன்றிய ‘சில்க் மார்க்’ முத்திரை துணைசெய்யும்.

மகள் குறுங்கரைப் புடவையையே விரும்பி எடுத்தாள். அதை இன்றும் உடுத்துகிறாள். எனக்கோ வட்டி கட்டும் கவலை நேர்ந்ததில்லை.